உண்ணிமுள் மூடிய காட்டில் மாடு எதை மேயும்?

பட்டிக்காரன் (அஞ்செட்டி):

எல்லோருக்கும் வணக்கம். இந்த இணைய மன்றத்தில் பெரும்பாலும் ராகி, தக்காளி, மா விலை பற்றித்தான் பேச்சு. நாங்கள் மாடு மேய்க்கிற குடும்பம். மேய்ச்சலுக்கும் ஓர் இழை இருக்கட்டும் என்று தொடங்குகிறேன்.

அப்பா காலத்தில் எங்கள் பட்டியில் நாற்பது மாட்டுக்குக் குறையாது. எல்லாம் நாட்டு மாடு, ஆலம்பாடி சாயல். இன்றைக்குப் பதினொன்று நிற்கிறது. ஏன் குறைந்தது என்றால் மழை இல்லை, மேய்க்க ஆள் இல்லை, பையன்கள் ஓசூர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எங்களை மாடு விற்க வைத்தது உண்ணிமுள், லேன்டானா என்கிற முள்புதர்.

சின்ன வயதில் அப்பாவோடு காட்டுக்குப் போனால் ஆச்சா மரங்களுக்கு நடுவில் இடுப்பளவு புல் நிற்கும். இந்தச் சரிவிலிருந்து குரல் கொடுத்தால் எதிர்ச் சரிவில் மாடு தலை திருப்புவது தெரியும். இப்போது அதே இடத்தில் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. புதருக்குள்ளிருந்து மணிச் சத்தம் மட்டும் வரும். ராகி முற்றுகிற காலத்தில் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைகள் இறங்கிவிடும். அந்த மாதங்களில் மணிச் சத்தத்தை நம்பி உள்ளே நுழைய யாருக்குத் தைரியம் வரும்?

போன பங்குனியில் ஒன்று நடந்தது. குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கி இரண்டு மாதமே ஆன செவலைக் கிடாரி. காலையில் பட்டியைத் திறந்தால் வெளியே வர மறுத்தது. இழுத்து விட்டால் நேராகப் புளியமர நிழலுக்குப் போய் நின்றது. மூக்கு வெடித்துத் தோல் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. சாணி கல்லுக் கல்லாக விழுந்தது. டாக்டர் வந்து கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார், உள்ளே மஞ்சள் பூசினாற்போல் இருந்தது. 'உண்ணி இலை தின்றிருக்கிறது, புதுமாடு இல்லையா' என்றார். எப்படியோ பிழைத்துவிட்டது. ஆனால் இரண்டு காது நுனியும் காய்ந்து உதிர்ந்துவிட்டன. இப்போது சந்தைக்குக் கொண்டுபோனால் காதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஊர்களில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

வெள்ளாட்டுக்காரி (பென்னாகரம்):

அண்ணா, உங்களுக்கு உண்ணி என்றால் எங்களுக்கு வேலிக்காத்தான். சீமைக் கருவேலம் என்று சொன்னால்தான் ஆபீசில் புரியும்.

எங்கள் ஏரி உள்வாய் முழுக்க அதுதான். ஏரி வற்றினால் உள்ளே பச்சைப் புல் முளைக்கும், கோடையில் இரண்டு மாதம் ஆட்டுக்குக் கவலை இருக்காது என்று எங்கள் மாமியார் சொல்வார். நான் கல்யாணமாகி வந்தபோதே அந்தப் புல்லில் பாதி போயிருந்தது. இப்போது தண்ணீர் காட்டக்கூட வளைந்து வளைந்து ஒற்றையடிப் பாதையில்தான் ஆட்டை ஓட்டிப் போகிறோம். முள் ஏறி நொண்டாத ஆடு ஒன்றுகூட என் மந்தையில் கிடையாது.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சித்திரை, வைகாசியில் எங்கும் ஒரு பச்சை இல்லாதபோது என் ஆடுகளைக் காப்பாற்றுவது அந்த மரத்தின் காய்தான். மஞ்சளாகப் பழுத்து விழும். இனிப்பாக இருப்பதால் ஆடு ஓடி ஓடிப் பொறுக்கும். அடுப்புக்கும் அந்த விறகுதான். ஒரே நாளில் ஜேசிபி வைத்து மொத்தமாகப் பிடுங்கிவிட்டால் அந்த இரண்டு மாதம் நான் என்ன செய்வேன்? மரம் போக வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். எப்படிப் போக வேண்டும் என்பதை எங்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

காட்டுவழி (ஓசூர்):

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வனத் தன்னார்வலர்களோடு போகிறவன். இரண்டு பேர் சொல்வதும் மனதில் படுகிறது. ஆனாலும் எதிர்ப்பக்கத்தை ஒருவர் சொல்ல வேண்டும்.

உண்ணிச்செடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. தென் அமெரிக்காச் செடி. இருநூறு வருஷத்தில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். இந்தியாவில் புலி வாழும் காடுகளின் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் உண்ணி இருப்பதாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வேலிக்காத்தானையும் வெள்ளைக்காரன்தான் 1870-களில் விறகுக்காகக் கொண்டுவந்தான்.

ஆனால் பரப்பியதில் கால்நடைக்குப் பங்கே இல்லையா? அக்கா சொன்ன அதே காயைத் தின்கிற ஆடு, மாடு வயிற்றுக்குள் விதை சாவதில்லை. புழுக்கையில் விழுந்து, எருவும் சேர்ந்து, இன்னும் வேகமாக முளைக்கிறது. அளவுக்கு மீறி மேய்ந்து மொட்டையான தரையில்தான் இந்தச் செடிகள் முதலில் கால் ஊன்றுகின்றன. அதனால் களை எடுக்கிற இடத்தில் சில வருஷமாவது மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

பட்டிக்காரன் (அஞ்செட்டி):

தம்பி, மரியாதையாக எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படியே சொல்கிறேன்.

வேலிக்காத்தான் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. உண்ணி விஷயத்தில் சரியில்லை. உண்ணிப் பழத்தைத் தின்று பரப்புவது கொண்டைக்குருவியும் மைனாவும். எங்கள் மாடு அதைத் தொடுவதே வேறு கதியில்லாதபோதுதான்.

எங்கள் தாத்தா காலத்தில் மாசி மாதத்துக்கு முன்னால் காய்ந்த சருகுக்குச் சின்னதாக நெருப்பு வைப்பார்களாம். காவிரிக்கு அந்தப் பக்கம் கர்நாடகத்துப் பி.ஆர். மலையில் (பிலிகிரி ரங்கன் மலை) சோளகர் பழங்குடிகள் அதைத் 'தரகு பெங்கி' என்பார்கள். சருகு மட்டும் எரியும், மரம் எரியாது. இளம் உண்ணி கருகும், மழைக்குப் புல் எழும். அது நின்று போன பிறகுதான் உண்ணி இவ்வளவு ஏறியது என்று அந்த மக்களே சொல்கிறார்கள். இன்றைக்கு அதே நெருப்பை யாரும் வைக்கக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆளுயரப் புதரில் நெருப்புப் பிடித்தால் கொழுந்து மர உச்சிக்கே போய்விடும்.

மேய்ச்சலை நிறுத்துவது பற்றி: 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் எல்லாவற்றிலும் மாடு மேய்க்கத் தடை போட்டது. அதே மாதத்திலேயே தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. நம்ம பக்கம் காவிரி வடக்கு சரணாலயம் 2014-ல் வந்தது, காவிரி தெற்கு 2022-ல். என் பட்டி எதற்குள் விழுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. புல்லை உண்ணி எடுத்துக்கொண்டது, மிச்ச இடத்தைக் கோடு எடுத்துக்கொண்டது. இதில் 'சில வருஷம்' நிறுத்தினால் மாட்டை எங்கே கட்டுவது? பட்டி மாட்டில் பால் வருமானம் கிடையாது. எருவும் கன்றும்தான். வீட்டில் கட்டித் தீவனம் வாங்கிப் போட்டால் முதலே மிஞ்சாது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தருமபுரி):

காது உதிர்ந்த கிடாரியைப் படித்தேன். பணியில் இருந்தபோது இதே நிலையில் எத்தனையோ மாடுகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் மாட்டுக்கு உதவலாம் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

உண்ணி இலையில் லேன்டடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அது ஈரலைத் தாக்கிப் பித்தம் இறங்குவதைத் தடுக்கும். பச்சைத் தீவனம் செரிக்கும்போது பச்சையத்திலிருந்து ஒரு பொருள் உண்டாகும். வழக்கமாக அது பித்தத்தோடு வெளியே போய்விடும். பித்தம் அடைபட்டால் ரத்தத்தில் கலந்து தோலுக்கு வரும். அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். மூக்கு, காது, மடி, வெள்ளை நிறமுள்ள இடங்கள் முதலில் உரிவதற்கும், மாடு நிழலைத் தேடி ஓடுவதற்கும் இதுதான் காரணம். உரிந்த தோலுக்கு மட்டும் எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. நோய் இருப்பது ஈரலில்.

வயிறும் அசையாமல் நின்றுவிடுவதால் உள்ளே கிடக்கிற இலையிலிருந்து நஞ்சு நாள்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே சந்தேகம் வந்த அன்றே மாட்டை இருட்டான நிழலில் கட்டித் தண்ணீர் காட்டுங்கள், மருத்துவரை அழையுங்கள். நஞ்சை உறிஞ்சும் கரியை எவ்வளவு சீக்கிரம் உள்ளே கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. சந்தையில் வாங்கிய புது மாட்டைப் பசியோடு உண்ணிக்காட்டுக்குள் விடாதீர்கள். முதல் சில நாள் வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

பென்னாகரத்து அம்மாவுக்கு ஒன்று. வேலிக்காத்தான் காய் நல்ல தீவனம்தான். ஆனால் அதையே முழுத்தீவனமாக மாதக்கணக்கில் தின்றால் தாடையை அசைக்கும் நரம்பு கெடும். தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லும், நாக்கு வெளியே தொங்கும், எச்சில் வடியும். காயைப் பொறுக்கிக் காயவைத்து விதையும் உடையும்படி அரைத்து, தவிட்டோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். சத்தும் கிடைக்கும், புழுக்கை வழியாக விதை பரவுவதும் நின்றுவிடும்.

தரிசுக்காடு (பாலக்கோடு):

பார்த்தீனியத்தை யாரும் சொல்லவில்லையே. மழை பெய்து சில வாரங்களில் எங்கள் தரிசு முழுக்க வெள்ளைப் பூ. முன்பு அதில் கொழுக்கட்டைப் புல்லும் அருகும் இருந்தன. எங்கள் ஊரில் கிடை போட வருகிற குறும்பர்கள் போன வருஷம் பாதி நாளிலேயே ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேய ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு என்றார்கள். கிடை போகவே எங்கள் நிலத்துக்கு எருவும் போயிற்று. ஆட்டுக்காரர் கஷ்டம் ஆட்டுக்காரரோடு முடிவதில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தருமபுரி):

சேர்த்துக்கொள்கிறேன்: பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும். நிறையத் தின்றால் உயிருக்கே ஆபத்து. அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-ல் பெங்களூரில்தான் முதலில் விட்டார்கள். மழைக்காலத்தில் நம்ம பக்கமும் அந்த வண்டு இலையை அரிப்பதைப் பார்க்கலாம், கோடுபோட்ட சின்ன வண்டு. அதைக் கொல்லாதீர்கள். ஆனால் வண்டு மட்டும் போதாது. பூ விடுவதற்கு முன் கையுறை போட்டுப் பிடுங்கியே ஆக வேண்டும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தள்ளும்.

கடப்பாரை (தேன்கனிக்கோட்டை):

நான் உண்ணி வெட்டுகிற கூலி வேலைக்கு இரண்டு வருஷம் போனவன். வெட்டுகிற விதம் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

உண்ணியை அரிவாளால் தரையோடு வெட்டுவதற்கு வெட்டாமலே இருக்கலாம். ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டு கிளம்பும். தண்டும் வேரும் சேருகிற இடத்தில் ஒரு முடிச்சு மாதிரி இருக்கும். துளிர் எல்லாம் அந்த முடிச்சிலிருந்துதான் வரும். புதரை ஒரு ஆள் கவைக்கோலால் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொரு ஆள் குனிந்து மண்ணை விலக்கி, முடிச்சுக்குக் கீழே மூன்று நாலு விரல் ஆழத்தில் நடுவேரை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். சரியாக வெட்டினால் புதர் மொத்தமும் கையோடு வந்துவிடும். வேர் மேலே, தலை கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட வேண்டும். வேர் மண்ணைத் தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். தூக்கும்போது ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், வீட்டுக்கு வந்து குளித்தாலும் கையை விட்டுப் போகாது. ஜேசிபி வைத்தால் மண் முழுக்கப் புரண்டு உள்ளே கிடக்கிற பழைய விதையெல்லாம் மேலே வந்துவிடும்.

முதல் வருஷம் நாங்கள் இப்படித்தான் ஒரு சரிவு முழுக்கச் சுத்தம் செய்தோம். பார்க்கவே ஆசையாக இருந்தது. அப்புறம் காண்டிராக்ட் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். புல்விதை போடவில்லை, நாற்றைப் பிடுங்க ஆளும் அனுப்பவில்லை. அடுத்த வருஷம் போனால் விதையிலிருந்து முளைத்தது முழங்கால் உயரம் நிற்கிறது. எங்கள் உழைப்பு மொத்தமும் மண்ணாகப் போனது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. வெட்டுவது முதல் வேலை மட்டும்தான். அப்புறம் மூன்று வருஷம் மழைக்கு மழை நாற்றைப் பிடுங்க வேண்டும். அதற்கு அங்கேயே தினம் நடக்கிற ஆள் வேண்டும்.

காட்டுவழி (ஓசூர்):

கடப்பாரை அண்ணன் எழுதியதை மூன்று முறை படித்தேன். 'அங்கேயே தினம் நடக்கிற ஆள்' மேய்ப்பன்தானே என்று தோன்றியது.

மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று மொத்தமாகச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். புல் வேர் பிடிக்கிற வரை அந்தத் துண்டை மட்டும் மூட வேண்டும், மூடுவதற்கு முன்பே மாற்று மேய்ச்சல் எது என்று காட்ட வேண்டும். புல் எழுந்த பிறகு யார் மாடு, எத்தனை மாடு, எந்த மாதம் என்பதையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். அயல் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கு 2022-ல் மாநில அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. வேலிக்காத்தானை அகற்றச் சொல்லி நீதிமன்றமும் விடாமல் கேட்டுவருகிறது. ஆக, வெட்டும் வேலை எப்படியும் வரும். அது வரும்போது மேய்ப்பவர்களும் பேச்சில் இருக்க வேண்டும்.

வன உரிமைச் சட்டம் 2006-ல் மேய்ச்சல் சமூக உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது, இடம்பெயர்ந்து மேய்ப்பவர்களுக்கும் சேர்த்து. கிராம சபை வழியாக 'பி' படிவம் போட வேண்டும். பழங்குடி அல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். படிவம் நிரப்ப யாருக்காவது உதவி வேண்டுமானால் நான் வருகிறேன்.

பட்டிக்காரன் (அஞ்செட்டி):

தம்பி, அந்த 75 வருஷத்துக்கு எங்களிடம் காகிதம் கிடையாது. பட்டி இருந்த இடத்துக் கல்வரிசை இருக்கிறது, எருமண் இரண்டடி ஆழம் கறுப்பாக இருக்கிறது. அது சாட்சியாகுமா?

காட்டுவழி (ஓசூர்):

ஆகும் அண்ணா. கல்வரிசை மாதிரி கண்ணால் காணும் அடையாளமும், ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதிவைக்கும் வாக்குமூலமும் சட்டத்தின் விதிகளிலேயே சான்றாக வருகின்றன. போட்டோ எடுத்து வையுங்கள். மழைக்கு முன்னால் நான் நேரில் வருகிறேன்.

வெள்ளாட்டுக்காரி (பென்னாகரம்):

எங்கள் குழுவில் நேற்று இதைப் பேசினோம். ஏரியை நாலு துண்டாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு துண்டு வேரோடு எடுக்கச் சொல்லி ஊராட்சியில் மனு கொடுக்கப் போகிறோம். முதலில் தண்ணீர் காட்டுகிற பக்கம். கரைமேல் நிற்கிற காய்மரங்கள் கடைசித் துண்டோடு போகட்டும். எடுத்த இடத்தில் வெள்வேலும் கருவேலும் வைக்கிறோம். நம்ம நாட்டுக் கருவேலம் காயும் ஆட்டுக்கு நல்லதுதானே, அது வளர்கிற வரை இது இருக்கட்டும். டாக்டர் ஐயா, காய் அரைப்பதைப் பற்றிக் கேட்டேன். எங்கள் ஊர் மில்காரர் முதலில் முடியாது என்றார், கல் தேயுமாம். ராகி உமி அரைக்கிற பழைய மிஷின் ஒன்று கிடக்கிறது, அதில் போட்டுப் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

தரிசுக்காடு (பாலக்கோடு):

வெட்டிய இடத்தில் முயல் மசால் போடலாமே? சீக்கிரம் மூடும்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (தருமபுரி):

உங்கள் சொந்த வயலில் தாராளமாகப் போடுங்கள், நல்ல தீவனம். காட்டிலும் ஏரியிலும் வேண்டாம், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அங்கே கொழுக்கட்டைப் புல் போதும், நம்ம மண்ணுக்குப் பழகியது.

பட்டிக்காரன் (அஞ்செட்டி):

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. எங்கள் பட்டா நிலம் காட்டை ஒட்டி அரை ஏக்கர் உண்ணி மூடிக் கிடந்தது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது, என் நிலத்தில் வைக்கலாம் அல்லவா? கடப்பாரை சொன்னபடியே நானும் என் கூடப்பிறந்த தம்பியும் அவன் மனைவியுமாக ஆறு நாள் வெட்டினோம். முதல் நாள் முடிச்சுக்கு மேலேயே வெட்டித் தொலைத்தோம், இரண்டாம் நாள்தான் கை பழகியது.

புதருக்கு அடியில் தரை எப்படி இருந்தது தெரியுமா? ஒரு புல் இல்லை. சருகும் பொடி மண்ணும்தான். நடுவில் ஓரிடத்தில் மட்டும், ஒரு பாறையோரமாக, வெளுத்துப்போன கொழுக்கட்டைப் புல் ஒரு குத்து. அத்தனை வருஷம் வெயில் படாமல் எப்படி உயிரோடு இருந்தது என்று தெரியவில்லை. தம்பி மனைவி அதைச் சுற்றிக் கல் வைத்துவிட்டாள். மாடு மிதிக்கக் கூடாதாம்.

அந்தக் காதில்லாத கிடாரியை நான் விற்கவில்லை. சினையாக இருக்கிறது.

முதல் மழைக்கு விதை போட வேண்டும். யாரிடமாவது கொழுக்கட்டைப் புல் விதை இருக்கிறதா? மூன்று கிலோ கிடைத்தால் போதும்.

தரிசுக்காடு (பாலக்கோடு):

எங்கள் வரப்பில் போன வருஷம் உருவியது நாலு கிலோ சாக்கில் இருக்கிறது. புது விதை முளைக்காது, இது ஒரு வருஷம் ஆறிய விதை, நன்றாக வரும். பஞ்சு மாதிரி பறக்கும், சாணியும் மண்ணும் கலந்து உருட்டிப் போடுங்கள், ஆழமாகப் புதைக்காதீர்கள். செவ்வாய்க்கிழமை காரிமங்கலம் சந்தைக்கு வருவேன், ஆட்டுச் சந்தைப் பக்கம் நிற்கிறேன். காசு வேண்டாம்.